தாழியில் வைத்த விளக்கு

கீழடிக்குப் போய்வரலாம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க என்ன சாமி?"

எழுபத்திரண்டு வயதுக்குள் அவள் பரளச்சியை விட்டு வெளியூர் போனதெல்லாம் சாமி கும்பிட, அல்லது துட்டி கேட்க. இருக்கன்குடிக்குப் போயிருக்கிறாள், ஒரே ஒருமுறை ராமேஸ்வரம். மற்றபடி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி. சும்மா ஒரு ஊரைப் பார்ப்பதற்காகக் காசு செலவழித்துப் போவது என்பது அவளுக்குப் புரியவில்லை.

"சாமியெல்லாம் இல்லம்மா. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஆளுக இருந்த ஊரத் தோண்டியெடுத்து வச்சிருக்காங்க."

"சாமி இல்லாத ஊரா?"

வேடிக்கைக்குக் கேட்டாள். ஆனால் அகழாய்வு அறிக்கையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. வழிபாட்டுக்கு உரியது என்று உறுதியாகச் சொல்லும்படி அங்கே எதுவும் கிடைக்கவில்லை. இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் வண்டியில் ஏறியிருக்க மாட்டாள். சொல்லவில்லை.

2023 ஜூன் மாதம். அந்த ஆண்டு மார்ச் 5ஆம் தேதிதான் அருங்காட்சியகத்தைத் திறந்திருந்தார்கள். நான் மதுரையில் செவிலியராக இருக்கிறேன். வயதானவர்களைப் படுக்கவைக்கும் வார்டில்தான் பெரும்பாலும் வேலை. இரண்டு நாள் விடுப்பில் ஊருக்கு வந்து, பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சுழி, நரிக்குடி வழியாகத் திருப்புவனம் போனேன். திருச்சுழியில் குண்டாறு மணலாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வெடித்த கரிசல், சீமைக்கருவேல், ஆங்காங்கே கரிமூட்டத்துப் புகை. அந்தப் புகையைக் கண்டால் அம்மா இன்றும் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்வாள். பதினைந்து வருடம் மூட்டத்தில் வேலை பார்த்தவள். வைகைக் கரையை நெருங்கி, தென்னந்தோப்புகள் வரத் தொடங்கியதும், "இங்கிட்டுத் தண்ணி கெடக்கு. அதான் ஊரு போட்டிருக்காக" என்றாள். தொல்லியல் பாடம் அவ்வளவுதான் என்று தோன்றியது.

கீழடியின் கதையை வாசகர்கள் அறிவீர்கள். பள்ளிச்சந்தைத் திடல் என்று ஊரார் சொல்லும் 110 ஏக்கர் தென்னந்தோப்பு. 2014இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு தோண்டத் தொடங்கியது. 2017இல் அவரை அசாமுக்கு மாற்றினார்கள். பிறகு வழக்கு, போராட்டம். 2018இலிருந்து தமிழகத் தொல்லியல் துறை தோண்டுகிறது. இதையெல்லாம் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். தமிழரின் தொன்மை எத்தனை நூற்றாண்டு என்று மேடைதோறும் எண்ணுகிறார்கள். நானும் அந்தப் பெருமிதத்தோடுதான் போனேன். திரும்பி வரும்போது மனதில் இருந்தது அதுவல்ல.

அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடுகளின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். வாசலில் அம்மா பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். போட்டுக்கொண்டு வரலாம் என்று காவலர் சொல்லியும் கேட்கவில்லை. வெறுங்காலோடு வழுவழுப்பான தரையில் நடந்து, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நின்றாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

ஓரிடத்தில் சிரித்துவிட்டாள். சுட்ட மண்ணில் செய்து நடுவில் துளையிட்ட சின்னச் சின்ன வட்டுகள். அட்டையில் 'தக்களி' என்று எழுதியிருந்தது.

"இது எங்க பள்ளிக்கூடத்துல இருந்துச்சுத்தா. எங்களுது இரும்பு. டீச்சர் ஆளுக்கு ஒண்ணு குடுப்பாக. பஞ்ச இப்பிடித் திரிச்சுவிட்டு..." வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஒரு சுண்டு சுண்டின. அறுபது வருடம் கழித்தும் விரல் மறக்கவில்லை. பெட்டியில் இருந்த வட்டு அந்தக் குச்சியின் அடியில் கனத்துக்காக மாட்டுவது. குச்சி சுழலும், நூல் முறுக்கேறும். பக்கத்திலேயே கூராகச் சீவிய எலும்பு முனைகள். துணியில் வேலைப்பாடு செய்யப் பயன்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அடுத்துப் பெயர் கீறிய பானை ஓடுகள். ஆதன், குவிரன். அம்மா அதையும் எழுத்துக்கூட்டினாள். "ரெண்டும் ஆம்பளப் பேரா?"

"ஆமா."

"பானைய அவுகளா வச்சிப் புழங்குனாக?"

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பானை யாருடையது என்று ஓடு சொல்கிறது. அதைக் கீறியது யாருடைய கை என்று சொல்லவில்லை. அது ஒரு பெண்ணின் கையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நூற்றவளின் பெயர் தக்களியில் இல்லை.

காலக்கணிப்பு பற்றிய பலகையை நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளை அமெரிக்காவில் மியாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த துண்டின் வயது கி.மு. 580 என்று வந்தது. 2019இல் அறிக்கை வெளியானபோது கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது அந்தத் துண்டுதான்.

"கரியா?" என்று நின்றுவிட்டாள் அம்மா. "கரிய வச்சா வயசு சொல்றாக?"

உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து ஒருவகைக் கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்கும், வெட்டியதும் அது நின்றுவிடும், உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் மரம் செத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்த அளவு அதுதான். அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். விறகு அடுக்கி, தழை போட்டு, ஈரமண் பூசி, நாள்கணக்கில் புகையில் நின்று பிரித்தெடுத்த கரி. மூட்டை கணக்குக்குக் கூலி. "நம்ம கரியெல்லாம் டீக்கடைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும்ல போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் தாழி.

கீழடியில் மக்கள் வாழ்ந்தார்கள். இறந்தவர்களைப் புதைத்த இடம் பக்கத்தில் இருக்கும் கொந்தகை. அங்கிருந்து எடுத்த ஈமத்தாழிகளைப் பார்த்ததும் அம்மாவின் நடை நின்றது. பெரிய வயிறும் குறுகிய அடியுமாக, ஆள் உட்காரும் அளவுக்கு இருக்கிறது. நான் முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால், அவள் அங்கேயே, தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே புகை எதுவும் இல்லை.

"இதுக்குள்ளதான் உயிரோட வச்சாகளா?"

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. அந்தக் காலத்தில் கிழடுகள் சாகவே சாகாது. சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை அளவு ஆகிவிடும். மாடத்தில் தூக்கி வைத்தால் அங்கேயே கிடக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒருநாள் பெரிய தாழியில் உட்காரவைத்து, பக்கத்தில் சோறும் தண்ணீரும் ஒரு விளக்கும் வைத்து மூடிப் புதைத்துவிடுவார்கள். கண்மாய் வெட்டும்போது தாழி தட்டுப்பட்டால் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள். சிறுபிள்ளையில் எனக்கு அந்த விளக்கை நினைத்துத்தான் பயம். எண்ணெய் எவ்வளவு நேரம் வரும்?

"இல்லம்மா. அது கட்டுக்கதை. செத்தவங்களத்தான் வச்சாங்க. சில தாழியில எலும்ப மட்டும் பொறுக்கி வச்சிருக்காங்க. கொந்தகையில கொழந்தைகளோட எலும்புக்கூடும் கெடச்சிருக்கு. கிழவனுக்கும் கிழவிக்கும் மட்டும்னு ஒண்ணும் இல்ல. கூடவே சின்னச் சின்னக் கலயம், மணின்னு வச்சு நல்லபடியா அனுப்பியிருக்காங்க."

"உயிரோட வைக்கல?"

"வைக்கல."

அவள் வெளியே போக வேண்டும் என்றாள். முற்றத்தைத் தாண்டி நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று நாடி பிடித்துப் பார்த்தேன். வேகமாக அடித்தது.

"எங்கண்ணன் அப்பிடித்தான சொல்லுச்சு" என்றாள். "இது புதுசா, தாழியில உயிரோட வச்ச வம்சம்தான நம்மன்னு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததற்குக் காரணம், பல வருடமாக அது எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

1994, மார்கழி. எனக்குப் பதினைந்து வயது. அம்மாவைப் பெற்ற அம்மாச்சி, மாமா வீட்டில் கிடையில் கிடந்தாள். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏறக்குறைய ஒரு வருடம். அத்தை கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும், போனால் கிழவிக்கு மூத்திரத்துணி மாற்ற ஆள் இல்லை. ஒருநாள் அம்மாவையும் பெரியம்மாவையும் வரச்சொல்லி ஆள் வந்தது. நான்காம் நாள் துட்டி. காய்ச்சல் என்றார்கள். மகள்கள் கையால் தண்ணீர் வாங்கிப் போய்ச் சேர்ந்தாள், புண்ணியவதி என்றார்கள்.

செவிலியர் படிப்பில் வயதானவர்களின் உடல்சூடு பற்றிப் படித்த அன்றைக்கு, விடுதியில் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். தலைக்கூத்தல் என்ற சொல் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரை ஊற்றுவது, இளநீர் கொடுப்பது. நோயாளி உடம்பு தாங்காது. எந்தப் பெயரில் சொன்னாலும் அது கொலை. மருத்துவமும் சட்டமும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கவில்லை. அம்மா அதன்பிறகு எண்ணெய் தேய்த்துக் குளித்ததே இல்லை. தீபாவளிக்குக்கூட. சளி பிடிக்கும் என்பாள். நாங்களும் சளி என்றே நம்புவதாக நடந்துகொண்டோம்.

"யாரு முடிவு பண்ணுனா?" என்று கேட்டேன்.

"ஆம்பளைக திண்ணையில பேசுனாக. எங்களக் கூப்புட்டுச் சொன்னாக."

"யாரு தேச்சா?"

பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, "அவளுக்கு நெனவு இருந்துச்சு" என்றாள். "இன்னைக்கு என்ன நாளுன்னு கேட்டா. நல்ல நாளாக்கும்னு நெனச்சுட்டா. அழுத்தித் தேயித்தா, எத்தன நாளாச்சுன்னா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசை. பிடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடமாக மாமா வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மொய் எழுதிக்கொண்டு வந்தவள் இவள். என் வார்டில், மூன்று நாளாக யாரும் வந்து பார்க்காத கிழவிகளின் முதுகுப் புண்ணைத் துடைக்கும்போதெல்லாம் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் எண்ணெய் படவில்லை. அவர்கள் தூங்கினார்கள். தேய்த்தவள் முப்பது வருடமாகத் தலையில் எண்ணெய் வைக்கவில்லை. இந்தக் கணக்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் தேய்த்தது அவள் கை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இன்னும் எனக்குக் கைவரவில்லை.

"தாழியில உயிரோட வைக்கலன்னா, அண்ணன் சொன்னது பொய்யி" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய்யின்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மட்டும் மாட்டேன்னு சொல்லியிருப்பனா என்ன?"

இந்தக் கேள்விக்கு நானும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதை அன்று செய்த வேலை என்ன என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பழங்காலம் என்று ஒன்றைக் காட்டி, எல்லாரும் செய்ததுதான் என்று சொல்லி, இரண்டு பெண்களின் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறது. தாழியைச் செய்து, எலும்பைப் பொறுக்கி, கலயத்தையும் மணியையும் உடன் வைத்து அனுப்பியவர்கள் மீது இப்படி ஒரு பழி. அவர்கள் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்.

கிளம்பும் முன் குழிகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் அழைத்தேன். ஒன்பதாம் கட்ட அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. சதுரம் சதுரமாக வெட்டிய குழிகளில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள். மண்ணைச் சுரண்டுவது, அள்ளுவது, சலிப்பது, ஓடு கழுவிக் காயவைப்பது. அம்மா ஒருத்தியிடம் பேச்சுக்கொடுத்தாள். கூலி எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவார்கள், எந்த ஊர். அந்தம்மா சொன்னாள்: "ஓடு எடுப்போம், பாசி எடுப்போம். எலும்பு தட்டுப்பட்டா நாங்க கைய எடுத்துருவோம். அப்பறம் சார்மார்தான் எடுக்கணும்." அம்மா தலையாட்டிக்கொண்டாள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். தலைக்கூத்தல் பற்றி வெளியே பேச்சு கிளம்பியது 2010இல். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று வீட்டார் பேசியதைக் கேட்டுத் தப்பி ஓடினார். பத்திரிகைகள் எழுதின. 2019இல் மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை', 2020இல் பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்' என்று படங்கள் வந்தன. இரண்டையும் எடுத்தவர்கள் பெண்கள். இரண்டும் நல்ல படங்கள். இரண்டிலும் சாவை எதிர்நோக்கி இருப்பவர் ஒரு கிழவர். தப்பி ஓடியவரும் கிழவர். தப்பி ஓடக் காலில்லாத, இன்றைக்கு என்ன நாள் என்று கேட்ட கிழவிகளைப் பற்றி நான் படித்தவற்றில் ஒன்றும் காணவில்லை என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

தேடிப் படிக்கும்போது மெக்சிகோவைப் பற்றி ஒன்று கிடைத்தது. ஓஹாக்கா பகுதியில் மோன்டே அல்பான் என்ற மலையுச்சி நகரம், சபோடெக் மக்கள் கட்டியது. தொடங்கிய காலம் ஏறத்தாழ நம் கீழடியின் காலம்தான். 1932இல் அங்கே ஏழாம் எண் கல்லறையை அல்போன்சோ காசோ திறந்தார். சபோடெக்குகள் கட்டிய கல்லறையைப் பல நூற்றாண்டு கழித்து மிக்ஸ்டெக் மக்கள் மீண்டும் பயன்படுத்தியிருந்தார்கள். பொன்னும் பவளமும் முத்துமாகக் குவிந்து கிடந்தது. முக்கியமான எலும்புக்கூட்டை ஆண் என்று குறித்தார்கள். 1994இல் ஷரிஸ் மெக்காஃபர்ட்டி, ஜெஃப்ரி மெக்காஃபர்ட்டி என்ற இரு ஆய்வாளர்கள் அதை மறுத்து எழுதினார்கள். உடன் இருந்தவற்றில் நூற்புச் சாமான்களும், நெசவுக்கான செதுக்கிய எலும்புக் கருவிகளும் இத்தனை இருக்க, இது ஏன் பெண்ணாக இருக்கக்கூடாது என்று கேட்டார்கள். அந்த விவாதத்தை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் அறுபது வருடம் அந்தத் தக்களிகள் கண்ணெதிரே கிடந்திருக்கின்றன. எங்கள் வீட்டிலும் அந்த 1994இல்தான் ஒரு கிழவியைப் பற்றிய உண்மையை மாற்றி எழுதினார்கள். இதில் தொடர்பு ஒன்றுமில்லை. வருடத்தைப் பார்த்ததும் மனம் அங்கே போய் நின்றது.

2025 ஜூனில் இன்னொரு செய்தி. கொந்தகையில் எடுத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை உருவாக்கியிருந்தார்கள். எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. நம் பக்கத்து மனிதர்களின் முகங்கள்தாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்களே, அப்படி.

அம்மா இப்போது மதுரையில் என்னோடு இருக்கிறாள். முட்டி தேய்ந்துவிட்டது, தடியூன்றி நடக்கிறாள். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முகத்தையும் வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஆம்பளையா?"

"ஆமாம்மா."

"பொம்பள மண்ட ஒண்ணும் கெடைக்கலையாமா?"

இன்னும் நிறையத் தாழிகள் மண்ணுக்குள் இருக்கும், எடுக்க எடுக்கத்தான் தெரியும் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பொம்பள மொகம் செஞ்சாகன்னா சொல்லு. போய்ப் பாத்துட்டு வருவோம்."